செயின்சாவில் பொறி வரவில்லையா? காயில் வாங்கும் முன் அந்த ஒற்றை ஒயரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி இதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த செயின்சாவைச் சில மாதம் ஓரமாக வைத்திருந்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் ஒட்டவைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி தெரியவில்லை. புது பிளக் போட்டாயிற்று, அப்போதும் வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "காயில் போச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். காயில் கெட்டுப்போவது உண்டு, ஆனால் காயில் மேல் விழும் பழியில் பாதிக்கு அது காரணமே இல்லை. இந்த மெஷினில் பொறி வரவைக்கும் பாகங்கள் மிகக் குறைவு. பேட்டரி இல்லை, ஃபியூஸ் இல்லை. காந்தம் பதித்த ஃப்ளைவீல், அதன் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் காயில், காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த ஒயர், பிளக், பிறகு ஸ்டாப் ஸ்விட்சுக்குப் போகும் ஒரு மெல்லிய ஒயர். அவ்வளவுதான். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவதுதான் குற்றவாளி. விலக்கும் வரிசைதான் முக்கியம்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஃப்ளைவீல் சுற்றும்போது காந்தம் காயிலின் இரும்புக் கால்களைக் கடக்கிறது. உள்ளே குறைவான சுற்றுகள் உள்ள தடித்த கம்பிச் சுருளில் அப்போது மின்சாரம் ஓடுகிறது. சரியான நொடியில் உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக் சுவிட்ச் அந்த ஓட்டத்தைப் பட்டென்று வெட்டுகிறது. வெட்டிய அந்த நொடியில், பக்கத்தில் ஆயிரக்கணக்கான சுற்று உள்ள மெல்லிய சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. 

ஸ்டாப் ஸ்விட்ச் என்ன செய்கிறது? முதல் சுருளை நேராக எர்த்தோடு, அதாவது இன்ஜினின் உலோக உடலோடு, சேர்த்துவிடுகிறது. சேர்ந்துவிட்டால் அந்த வெட்டு நடக்காது, பொறியும் எழாது. வீட்டு விளக்கு ஸ்விட்சுக்கு இது நேர் எதிர். விளக்கில் ஒயர் அறுந்தால் விளக்கு எரியாது. இங்கே ஸ்டாப் ஒயர் அறுந்தால் இன்ஜின் ஓடும், நிறுத்தத்தான் முடியாது. அந்த ஒயர் எங்கேயாவது உலோகத்தில் பட்டால்தான் பொறி செத்துப்போகும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஒயரில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். தேட வேண்டியது எங்கே உரசியிருக்கிறது என்பதை.

அதற்கு முன்னால், பொறி இல்லை என்பது உண்மைதானா? பொறி பார்க்கும் முறையிலேயே நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். சிலிண்டரின் துடுப்புகளில் பெயின்ட் அடித்திருக்கும், அல்லது எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து கெட்டியாக அப்பியிருக்கும். அதன் மேல் பிளக்கை வைத்தால் எர்த் கிடைக்காது, நல்ல காயிலிலும் பொறி வராது. பெயின்ட் இல்லாத உலோகம், உதாரணத்துக்கு சைலென்சரின் போல்ட் தலை, அங்கே பிளக்கின் உடல் அழுத்தமாகப் பட வேண்டும். கையால் பிடிப்பதைவிட, இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் உள்ள ஒயர் ஒன்றை எடுத்து ஒரு முனையை பிளக்கின் உடலிலும் மறுமுனையை சிலிண்டர் போல்ட்டிலும் மாட்டுவது நல்லது. கரண்ட் அடிக்காது, எர்த்தும் சந்தேகமில்லாமல் கிடைக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கும் ஒரு விஷயம் உண்டு. பிளக்கைக் கழற்றிய ஓட்டை திறந்திருக்க, அதன் பக்கத்திலேயே பொறி பார்க்காதீர்கள். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைப் பல தடவை இழுத்திருப்பீர்கள், உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கும். அடுத்த இழுப்பில் அது ஓட்டை வழியாகப் புகைபோலப் பீய்ச்சும். அதன் எதிரே ஒரு பொறி போதும், முகத்தில் தீ பிடிக்க. என் வழி இது: பழைய பிளக்கை அதன் ஓட்டையிலேயே இறுக்கி விட்டுவிட்டு, வேறொரு நல்ல பிளக்கை, தடித்த ஒயரின் முனையிலுள்ள ரப்பர் கேப்பில் செருகி, ஓட்டையிலிருந்து தள்ளி எர்த் பண்ணிப் பார்ப்பேன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது) இருப்பதால் இழுக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும், டீகம்ப்ரஷன் பட்டன் உள்ள மெஷினில் அதை அழுத்திக்கொள்ளலாம். பெட்ரோல் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும், கீழே சிந்தியதைத் துடைத்துவிட்டு, காற்றோட்டமான, நிழலான இடத்தில் பாருங்கள். வெயிலில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியாது. எத்தனையோ பேர் நடுவெயிலில் நின்று இழுத்துப் பார்த்துவிட்டு பொறி இல்லை என்கிறார்கள்.

கயிற்றை மெதுவாக இழுத்தாலும் பொறி வராது. எலெக்ட்ரானிக் காயிலுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். நல்ல வேகத்தில், ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். வரும் பொறி நீலமும் வெள்ளையுமாக, சட் சட் என்று ஓசையோடு குதித்தால் ஆரோக்கியம். மஞ்சளாக, நூல்போல, எப்போதாவது ஒருமுறை வந்தால் அதைப் பொறி இல்லாத கணக்கிலேயே சேருங்கள். வெளிக்காற்றில் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது சுலபம், கம்ப்ரஷனுக்குள் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவை. அதனால்தான் ஸ்பார்க் டெஸ்டர் என்ற சின்னக் கருவியைப் பலரும் வைத்திருக்கிறார்கள். அதில் இடைவெளியைச் சுமார் 5 மி.மீ. வைத்து, அதையும் பொறி தாண்டினால் காயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிளக் கேப்பை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டு மட்டும் இழுக்காதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு பாயப் பார்க்கும்.

பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதியது என்பதாலேயே நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். கீழே விழுந்தால் உள்ளே பீங்கான் விரிந்துவிடும், வெளியே தெரியாது. ஓடுகிற இன்னொரு மெஷினில் போட்டுப் பார்த்த பிளக்தான் நம்பகமானது. செயின்சாக்களில் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் 0.5 மி.மீ. பல மெஷின்களுக்குப் பொருந்தும் பிபிஎம்ஆர்7ஏ போன்ற பிளக்குகளின் பெயரில் உள்ள 'ஆர்' என்ற எழுத்து, உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைச் சொல்கிறது. மீட்டர் வைத்தால் சுமார் 5000 ஓம் காட்டும், அதைப் பழுது என்று எண்ணாதீர்கள். கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, தீதான் இல்லை என்று அர்த்தம். காய்ந்து கிடந்தால், பொறி மட்டும்தான் பிரச்சினையா என்று யோசிக்க வேண்டும்.

இனி அந்த ஒற்றை ஒயர். ஸ்டார்ட்டர் கவரைக் கழற்றினால் ஃப்ளைவீலும், அதை ஒட்டி கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த காயிலும் தெரியும். காயிலிலிருந்து இரண்டு ஒயர் கிளம்பும். தடித்தது பிளக்குக்கு. மெல்லியது, சின்னத் தகடு முனையில் செருகியிருப்பது, ஸ்டாப் ஸ்விட்சுக்கு. சில மெஷினில் எர்த்துக்கென்று மூன்றாவதாக ஒரு குட்டி ஒயர் ஸ்க்ரூவுக்கு அடியில் போகும், அதைத் தொட வேண்டாம். மெல்லிய ஸ்டாப் ஒயரைக் காயில் முனையிலேயே உருவி, எதிலும் படாமல் தள்ளி மடித்து வையுங்கள். ஸ்டார்ட்டர் கவரை மறுபடி மாட்டி, முன்பு சொன்னபடி பொறி பாருங்கள்.

பொறி வந்துவிட்டால் காயில் நல்லது, ஃப்ளைவீல் நல்லது, பிளக் ஒயரும் நல்லது. ஒரே இழுப்பில் இத்தனையும் விலகிப்போகிறது. கோளாறு முழுக்க அந்த மெல்லிய ஒயரிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. பொறி வரவில்லை என்றால் ஸ்விட்ச் பக்கம் மறந்துவிடலாம். வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு சீக்கிரம் பிரச்சினையை இரண்டாகப் பிளக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒயர் கழன்ற நிலையில் பொறி மட்டும் பாருங்கள், இன்ஜினை ஓடவிடாதீர்கள். ஸ்விட்சால் நிறுத்த முடியாது. தவறி ஓடிவிட்டால் சோக்கை முழுக்க மூடினால் திணறி நின்றுவிடும்.

என் கைக்கு ஒருமுறை வந்த மெஷினில் ஏற்கனவே புதுக் காயில் மாட்டியிருந்தார்கள், அப்படியும் பொறி இல்லை. ஒயரை உருவியதும் பளிச்சென்று வந்தது. பிறகு அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். கைப்பிடிக்குக் கீழே, பிளாஸ்டிக் பள்ளத்திலிருந்து ஒயர் நழுவி சிலிண்டர் ஓரத்தில் சாய்ந்திருந்தது. அதிர்வில் உரசி உரசி ரப்பர் தேய்ந்து, எள்ளளவுக்குச் செம்பு மினுங்கியது. அந்த எள்ளளவு செம்பு சிலிண்டரில் பட்டதுதான் மொத்தக் கோளாறும். சுருங்கும் குழாய் ஒன்றைச் செருகிச் சூடுகாட்டி, ஒயரைப் பள்ளத்துக்குள் தள்ளியதோடு வேலை முடிந்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய காயிலை மாட்டிப் பார்த்தேன், அதிலும் அருமையான பொறி. பாவம், அதற்குரிய பணம் வீண்.

ஒயரில் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். காயிலிலிருந்து உருவிய முனையில் ஒரு கம்பி, சிலிண்டர் உலோகத்தில் ஒரு கம்பி. ஸ்விட்ச் ஓடும் நிலையில் இருக்கும்போது மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. நிறுத்தும் நிலையில் பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும். ஓடும் நிலையிலேயே பீப் அடித்தால், மீட்டரைப் பார்த்தபடி ஒயரை அங்குலம் அங்குலமாக அசையுங்கள். எங்கே அசைக்கும்போது ஓசை நிற்கிறதோ அங்கேதான் இருக்கிறது. ஸ்விட்ச் இருக்கும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். ஈர மரத்தூள் அங்கே போய் அடைந்துகொள்ளும், உள்ளே உள்ள தகடு ஸ்ப்ரிங் வளைந்து எப்போதும் தொட்டுக்கொண்டே நிற்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெஷின் என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒயரை உருவியும் பொறி வராதவர்கள் அடுத்து பிளக் கேப்பைப் பாருங்கள். ரப்பர் கேப்புக்குள் ஒரு சின்ன ஸ்ப்ரிங் இருக்கும், அதன் கூர்முனை தடித்த ஒயரின் நடுவிலுள்ள செம்பு இழைகளில் குத்தி நிற்க வேண்டும். கேப்பைப் பிடித்து இழுத்து இழுத்துக் கழற்றுபவர்களின் மெஷினில் இந்த முனை நழுவி ரப்பரில் குத்திக்கொண்டிருக்கும், அல்லது பச்சை பூத்துப்போயிருக்கும். கேப்பை உருவி, ஒயர் முனையில் சுமார் 5 மி.மீ. வெட்டிப் புதுச் செம்பு தெரியவைத்து, ஸ்ப்ரிங் முனையை நட்ட நடுவில் குத்தி மறுபடி மாட்டுங்கள். ஒயருக்கு நீளம் போதுமா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஒயரின் உடலில் வெடிப்பு இருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் அங்கேயே சிலிண்டருக்குத் தாவும். இருட்டில் இழுத்துப் பார்த்தால் நீல நூல்போலத் தெரிந்துவிடும்.

அடுத்தது காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஈரத்தில் கிடந்த மெஷினில் காந்தத்தின் முகமும் காயிலின் கால்களும் துருவேறியிருக்கும். நயமான உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுங்கள், பிறகு ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுத்து இரும்புத் தூளை நீக்குங்கள். காந்தம் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும், துணியால் துடைத்துப் பயனில்லை. காயில் நிற்கும் மேடையிலும் ஸ்க்ரூ அடியிலும் துரு இருந்தால் சுரண்டுங்கள், காயிலுக்கு எர்த் கிடைப்பது அந்த வழியாகத்தான்.

இடைவெளி பொதுவாக 0.2 முதல் 0.3 மி.மீ. உங்கள் மெஷினின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாவிட்டால் சாதாரண விசிட்டிங் கார்டு ஒன்று கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். பிளாஸ்டிக் ஏடிஎம் கார்டு வேண்டாம், அது 0.76 மி.மீ., இருமடங்குக்கும் மேல். காந்தம் வேறு பக்கம் இருக்கும்படி ஃப்ளைவீலைத் திருப்பிவிட்டு, காயிலின் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்துங்கள். பெரும்பாலும் டி27 டார்க்ஸ் அல்லது 4 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். கார்டை நடுவே வைத்து, காந்தம் காயிலுக்கு நேரே வரும்படி திருப்பினால் காந்தமே காயிலைத் தன்பக்கம் இழுத்துக் கார்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் ஸ்க்ரூக்களை இறுக்கி, ஃப்ளைவீலைத் திருப்பினால் கார்டு தானே வெளியே வந்துவிடும். பிறகு கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கும் உரசக் கூடாது.

காயிலின் காலில் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் அங்கே நின்று யோசியுங்கள். ஃப்ளைவீலை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை புதுக் காயில் மாட்டினாலும் அத்தனையையும் ஃப்ளைவீல் உரசித் தின்றுவிடும். காந்தம் வலுவிழப்பது அபூர்வம். ஸ்க்ரூடிரைவர் முனையை ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தாலே வெடுக்கென்று இழுத்தால் காந்தத்துக்குக் குறையில்லை.

ஸ்டாப் ஒயர் கழன்றிருக்கிறது, பிளக் நல்லது, கேப்பும் ஒயரும் நல்லது, துரு இல்லை, எர்த் இருக்கிறது, இடைவெளி சரி. இத்தனைக்கும் பிறகு பொறி இல்லை என்றால், அப்போது சொல்லலாம், காயில் போய்விட்டது என்று. ஓம் மீட்டர் வைத்தே காயிலைத் தீர்ப்பு சொல்லிவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய வகைக் காயிலில் அது கொஞ்சம் உதவும். இப்போதைய காயிலில் சுருளோடு எலெக்ட்ரானிக் பாகங்களும் ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால், மீட்டர் நல்ல அளவு காட்டிய காயிலும் பொறி தராமல் இருக்கும். விலக்கி விலக்கி வந்து சேர்ந்த முடிவுதான் உறுதியானது.

காயில் செய்யும் இன்னொரு தொல்லை, குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, பதினைந்து இருபது நிமிடம் வெட்டியதும் நின்றுவிடும். ஆறவைத்தால் மறுபடி ஓடும். சூட்டில் உள்ளே கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போவது இப்படித்தான் காட்டும். ஆனால் டேங்க் மூச்சுக்குழல் அடைத்தாலும் இதே அறிகுறிதான். பிரித்தறிய ஒரே வழி, நின்ற உடனே, சூடு ஆறும் முன், பொறி பார்ப்பது. பிளக்கும் சைலென்சரும் கொதிக்கும், தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பொறி இருந்தால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள், புஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்தால் அடைப்புதான். பொறி இல்லை என்றால், அடுத்த தடவை நின்றதும் ஸ்டாப் ஒயரை உருவி இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் காயிலை மாற்றுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஒயர் சாய்வதும் உண்டு.

புதுக் காயில் வாங்கினால் உங்கள் மெஷினின் மாடல் எண்ணுக்கு உரியதையே வாங்குங்கள். ஸ்க்ரூ ஓட்டை பொருந்திவிட்டது என்பதால் எல்லாம் பொருந்திவிடாது, பொறி விழும் நேரம் மாடலுக்கு மாடல் மாறும். பழையதைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் பொறி வராது, அல்லது தப்பான நேரத்தில் வரும்.

மிகப் பழைய மெஷின் என்றால் ஃப்ளைவீலுக்கு அடியில், எலெக்ட்ரானிக் சுவிட்சுக்குப் பதிலாக ஓட்டத்தை வெட்டும் பாயிண்ட்டும் (திறந்து மூடும் தொடுமுனைகள்) அதன் கண்டென்சரும் இருக்கும். கிடப்பில் போட்ட மெஷினில் பாயிண்ட் முகத்தில் படலம் படிவது சகஜம், எண்ணெய் இல்லாத சுத்தமான காகிதத்தை நடுவே வைத்து இழுத்தாலே பலசமயம் உயிர் வந்துவிடும். கார்பரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் கம்ப்யூட்டர் வகைப் புதிய மெஷின்களில், பிளக், கேப், ஒயர் வரை பார்த்துவிட்டு அதற்கு மேல் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே சரி. அவற்றைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும்.

நல்ல பொறி வருகிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் கயிறு கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கிறது, பின்பக்கம் வெடிக்கிறது என்றால் ஃப்ளைவீலைத் தண்டில் நழுவாமல் நிறுத்தும் சாவித்துண்டு வெட்டுப்பட்டு, வீல் தண்டில் நழுவியிருக்கலாம். பொறி வருகிறது, நேரம் தப்பி வருகிறது. ஃப்ளைவீலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், இறக்கைகள் உடைந்துபோகும்.

எல்லாம் முடிந்து இன்ஜின் ஓடியதும், செயின் மரத்தைத் தொடும் முன், ஸ்டாப் ஒயரை மறுபடி செருகினீர்களா என்று பாருங்கள். ஓடவிட்டு ஸ்விட்சைத் தட்டுங்கள், உடனே நிற்க வேண்டும். மூன்று தடவை அப்படிச் செய்யுங்கள். ஒருமுறை நிற்கத் தயங்கினாலும் அந்த மெஷினை எடுத்துக்கொண்டு மரத்துப் பக்கம் போகாதீர்கள், ஸ்விட்ச் முனையையும் ஒயர் செருகிய இடத்தையும் முதலில் சரிசெய்யுங்கள்.